யானைக் கொட்டடியிலிருந்து ஹாலிவுட் வரை: மைசூரு பாகன் மகன் சாபுவும் திரைக்காகப் பிடிபட்ட விலங்குகளும்

மைசூரு: கர்நாடக மாநிலம் மைசூரு மாவட்டம் ஹெக்கடதேவனகோட்டை வட்டத்தில், கபினி நதிக்கரையில் உள்ள சிற்றூர் காராப்பூர். 1924-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் தேதி இந்த ஊரில் ஒரு யானைப் பாகனின் மகனாகப் பிறந்த சாபு, பதின்மூன்று வயதில் லண்டன் திரையரங்குகளின் நட்சத்திரமானார். பதினெட்டு வயதில் ஹாலிவுட்டில் மௌக்லியாக நடித்தார். மேற்கத்திய திரையுலகில் இந்தியர் ஒருவரின் பெயர் சுவரொட்டியின் உச்சியில் இடம்பெறுவது எண்ணிப் பார்க்கவும் அரிதாக இருந்த காலம் அது.

அவருடைய புகழில் பாதி யானைகளுக்கும் புலிகளுக்கும் உரியது. திரையில் அந்த விலங்குகள் அவர் சொன்னதைக் கேட்டன. அவரைத் தும்பிக்கையால் தூக்கித் தலைமேல் அமர்த்தின. ஒரு சிறுவனுக்கும் காட்டுயிருக்கும் இடையே இயற்கையாகவே பூத்த நட்பு என்று உலகம் அதைக் கண்டு மகிழ்ந்தது. அந்த விலங்குகள் படப்பிடிப்புத் தளத்துக்கு வந்து சேர்ந்த வழியைப் பற்றி அன்றைய சுவரொட்டிகள் எதுவும் சொல்லவில்லை. சாபுவின் வாழ்க்கையைத் தொடர்ந்து சென்றால் அந்த வழியும் தெரிகிறது.

காராப்பூரும் 'கெட்டா'வும்

காராப்பூரை ஒட்டிய காக்கனகோட்டைக் காடு மைசூரு சமஸ்தானத்தின் யானை பிடிப்புக் களம். 'கெட்டா' எனப்பட்ட முறையில் இங்கு யானைகள் பிடிக்கப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் எழுபதுகளில் ஆங்கிலேய அதிகாரி ஜி.பி. சாண்டர்சன் மைசூரில் இம்முறையை ஏற்படுத்தினார். நூற்றுக்கணக்கான ஆட்கள் பறை முழக்கியும் தீப்பந்தம் ஏந்தியும் வெடி வெடித்தும் ஒரு முழுக் கூட்டத்தையே நாள்கணக்கில் விரட்டி வருவார்கள். கூட்டம் ஆற்றைக் கடந்து, அகழியும் மரத்தடுப்பும் சூழ்ந்த அடைப்புக்குள் புகுந்ததும் கதவு விழும். பிறகு கும்கிகள் மீதேறிப் பாகர்கள் உள்ளே செல்வார்கள். ஒவ்வொரு யானையாகப் பிரித்து, கால்களில் வடம் பூட்டி, மரத்தில் பிணைப்பார்கள்.

சமஸ்தானத்துக்கு இது வருமானம். கூடவே ஒரு காட்சி விருந்து. வைஸ்ராய்களும் இங்கிலாந்து இளவரசர்களும் மைசூருக்கு வந்தபோது கெட்டாவைக் காண மேடை அமைத்துத் தரப்பட்டது. மேடையில் இருந்தவர்கள் பார்த்தது முதல் அங்கத்தை மட்டுமே. யானை பழகுவது அதன் பிறகுதான் தொடங்கும். தாயிடமிருந்து குட்டி பிரிக்கப்படும். பிடிபட்ட யானை வடத்தை இழுத்து இழுத்துக் காலில் புண்ணாகும். பசியாலும் களைப்பாலும் அதன் எதிர்ப்பு தளரும்வரை காத்திருந்து, பின் கரும்பையும் அங்குசத்தையும் மாறி மாறிக் காட்டி மனிதக் குரலுக்கு அடங்கக் கற்றுக்கொடுப்பார்கள். அந்தப் புண்களாலும் அதிர்ச்சியாலும் இறந்துபோன யானைகளும் உண்டு.

சாபுவின் தந்தை போன்ற பாகர்கள் இதில் கொடியவர்களாக இருந்தார்கள் என்று சொல்வது நியாயமாகாது. பிடிபட்ட யானையின் புண்ணுக்கு மருந்திட்டவர்களும், இரவில் அதன் அருகிலேயே படுத்துறங்கியவர்களும் அவர்களே. அன்பும் அடக்குமுறையும் ஒரே கையில் இருந்த தொழில் அது. அந்தக் கைகளுக்கு நடுவில்தான் சாபு வளர்ந்தான். தாயைச் சிறு வயதிலேயே இழந்தவன், ஒன்பது வயதளவில் தந்தையையும் இழந்தான். அண்ணன் ஷேக் தஸ்தகீரைத் தவிர வேறு துணை இல்லாத நிலையில், மகாராஜாவின் யானைக் கொட்டடியே அவனுக்கு வீடானது. பிற்காலத்தில் திரை நூல்கள் பலவும் அவரைச் சாபு தஸ்தகீர் என்றே குறித்தன; உண்மையில் அது அண்ணனின் பெயர் என்பர்.

கேமரா வந்தது

1935-ஆம் ஆண்டு அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் ராபர்ட் ஃபிளாஹர்ட்டி மைசூருக்கு வந்தார். 'நானூக் ஆஃப் தி நார்த்' படத்தால் உலகப் புகழ் பெற்றிருந்தவர் அவர். ரட்யார்ட் கிப்ளிங்கின் யானைக் கதை ஒன்றைப் படமாக்க, லண்டன் தயாரிப்பாளர் அலெக்சாண்டர் கோர்டா அவரை அனுப்பியிருந்தார். மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் அரசு யானைகளையும் ஆட்களையும் தந்து உதவியது. கதாநாயகனாக நடிக்க ஒரு சிறுவன் தேவைப்பட்டான். ஒளிப்பதிவாளர் ஆஸ்மண்ட் பாரடெய்ல் அரண்மனை யானைக் கொட்டடியில் சாபுவைக் கண்டார். நடிப்பு என்றால் என்னவென்றே அறியாத பதினொரு வயதுச் சிறுவன், யானை மேல் மட்டும் அரசகுமாரனைப் போல் அமர்ந்திருந்தான். தேடல் அத்துடன் முடிந்தது.

அவனுடன் நடிக்கத் தேர்வான பெரிய களிற்றின் பெயர் ஐராவதம். இந்திரனின் வாகனத்துக்குரிய பெயரைக் காலில் சங்கிலி பூண்ட யானைக்குச் சூட்டுவது நம் நாட்டில் புதிதல்ல. படத்தில் அதற்குக் காலா நாக் என்று பெயர். கதையில், பாகனான தந்தையைப் புலி கொன்றுவிடுகிறது. யானை வேறொரு பாகனிடம் ஒப்படைக்கப்பட, அவன் அதை அடித்துத் துன்புறுத்துகிறான். வெகுண்டெழும் யானையைக் காப்பாற்றச் சிறுவன் அதனுடன் காட்டுக்குள் ஓடுகிறான். அங்கே அவன் கண்டுபிடிக்கும் பெரும் காட்டு யானைக் கூட்டத்தை, யானை பிடிக்க வந்த வெள்ளைக்காரத் துரைக்குக் காட்டிக்கொடுக்கிறான். அதற்காகத்தான் அவனுக்குப் பாராட்டும் பட்டமும் கிடைக்கின்றன.

அதாவது, ஒரு யானையை அடிக்கும் பாகன் படத்தின் தீயவன். ஒரு கூட்டத்தையே சிறைப்பிடிக்க வழிகாட்டும் சிறுவன் நாயகன். 1937-இல் இந்தக் கணக்கு யாருக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை. இன்று பார்ப்பவருக்கு உறுத்தாமல் இருக்காது.

ஃபிளாஹர்ட்டி தம் வழக்கப்படி நிதானமாக, மாதக்கணக்கில் படமெடுத்துக்கொண்டே இருந்தார். லண்டனில் கோர்டாவுக்குப் பொறுமை போயிற்று. படக்குழு 1936-இல் திருப்பி அழைக்கப்பட்டது. சாபுவும் அண்ணன் தஸ்தகீரும் கப்பலேறினார்கள். எஞ்சிய காட்சிகளைக் கோர்டாவின் தம்பி சோல்டான் கோர்டா டென்ஹாம் படப்பிடிப்பு நிலையத்தில் எடுத்து முடித்தார். ஃபிளாஹர்ட்டியின் மனைவி பிரான்சிஸ் மைசூரிலிருந்து எழுதிய கடிதங்கள் 'எலிஃபன்ட் டான்ஸ்' என்ற நூலாக 1937-இல் வெளிவந்தன. அதே ஆண்டு வெளியான 'எலிஃபன்ட் பாய்' வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த இயக்கத்துக்கான விருதைப் பெற்றது. இரு இயக்குநர்களும் அதைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆனால், மக்கள் நினைவில் நின்றது சிறுவன் ஒருவன்தான்.

சட்டம் பார்த்ததும் பாராததும்

அதே 1937-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் திரைப்படங்களில் விலங்குகள் குறித்துத் தனிச்சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. ஒரு காட்சியை எடுப்பதற்காக விலங்குக்குக் கொடூரமாக வலியோ அச்சமோ ஊட்டப்பட்டிருந்தால், அல்லது அது சினம் கொள்ளுமாறு கொடூரமாகத் தூண்டப்பட்டிருந்தால், அக்காட்சியைப் பிரிட்டனில் திரையிடக் கூடாது என்றது அந்தச் சட்டம். படம் எந்த நாட்டில் எடுக்கப்பட்டிருந்தாலும் இந்தத் தடை பொருந்தும். இன்றளவும் அங்குள்ள தணிக்கை அமைப்பு இதைப் பின்பற்றிப் பழைய படங்களிலும் காட்சிகளை வெட்டி வருகிறது.

அதற்குத் தேவை இருந்தது. அமெரிக்காவில் 1936-இல் வெளியான 'தி சார்ஜ் ஆஃப் தி லைட் பிரிகேட்' படத்தின் முற்பகுதி இந்தியாவில் நடப்பதாக அமைந்த கதை. அதன் போர்க்காட்சியில், பாய்ந்து வரும் குதிரைகளின் முன்னங்கால்களைக் கம்பியால் இடறிக் கவிழ்த்தார்கள். சுமார் 25 குதிரைகள் மாண்டதாகக் கூறப்படுகிறது. 1939-இல் 'ஜெஸ்ஸி ஜேம்ஸ்' படத்துக்காகக் குதிரை ஒன்று உயரமான பாறை விளிம்பிலிருந்து நீரில் விழ வைக்கப்பட்டு உயிரிழந்தது. எழுந்த கண்டனத்தின் விளைவாக, 1940-இல் அமெரிக்கன் ஹியூமேன் அசோசியேஷன் என்ற விலங்கு நல அமைப்பு ஹாலிவுட்டில் அலுவலகம் திறந்து, படப்பிடிப்புகளைக் கண்காணிக்கத் தொடங்கியது.

இந்த ஏற்பாடுகள் பல உயிர்களைக் காத்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவை பார்த்தது கேமரா ஓடும் நேரத்தை மட்டுமே. கேமராவுக்கு முன் ஐராவதம் அமைதியாக நின்றது. யாரும் அதை அடிக்கவில்லை. அடிக்கத் தேவையில்லாத அளவுக்கு அதன் பணிவு படப்பிடிப்புக்குப் பல்லாண்டு முன்னரே உருவாக்கப்பட்டிருந்தது. இடறிவிழும் குதிரையின் துன்பம் படச்சுருளில் பதிவாகும். அடங்கிப்போன யானையின் துன்பம் பதிவாகாது. பதிவாவது அதன் அழகு மட்டுமே. சாபுவின் படங்களைக் குறித்துப் பேசும்போது இந்த வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது.

யானைக்கு நேர்ந்ததில் ஒரு பகுதி சிறுவனுக்கும் நேர்ந்தது என்று தோன்றுகிறது. 1938-இல் வெளிவந்த 'தி டிரம்' படத்தில், எல்லைப்புற மாகாணத்தில் பிரிட்டிஷாருக்கு விசுவாசமான சிறு வயது இளவரசனாகச் சாபு நடித்தான். விடுதலைப் போராட்டம் வலுத்திருந்த காலம் அது. பம்பாயிலும் சென்னையிலும் படத்துக்கு எதிராகப் போராட்டங்கள் வெடித்தன. மைசூரை விட்டுப் புறப்பட்டு இரண்டே ஆண்டுகளான பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அந்தக் கதையின் அரசியல் எவ்வளவு புரிந்திருக்கும்? சொல்லிக்கொடுத்ததைச் செய்தான், நன்றாகவும் செய்தான்.

மௌக்லி

அடுத்து வந்த 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' இரண்டாம் உலகப்போர் காரணமாகப் பிரிட்டனில் தொடங்கி அமெரிக்காவில் முடிந்தது. அதனுடன் சாபுவும் அமெரிக்காவில் தங்கிவிட்டார். 1942-இல் கோர்டா சகோதரர்கள் அங்கு எடுத்த 'ஜங்கிள் புக்' அவரை உலகம் மறக்க முடியாத மௌக்லி ஆக்கியது. கலிபோர்னியாவில் செயற்கைக் காடு ஒன்றை எழுப்பி, உயிருள்ள விலங்குகளை அதில் உலவவிட்டுப் படமாக்கினார்கள். மௌக்லியுடன் பேசும் மலைப்பாம்பு மட்டும் ரப்பரால் ஆன இயந்திரப் பொம்மை. நான்கு ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்ற அந்தப் படத்தில், இன்றைய கண்ணுக்குப் பொம்மை பொம்மையாகவே தெரிகிறது. அதைக் கேலி செய்வோர் உண்டு. ஆனால், அன்றைய படங்களில் யாருக்கும் தீங்கிழைக்காமல் நடித்த விலங்கு என்று உறுதியாகச் சொல்லத்தக்கது அத்தகைய பொம்மைதான்.

ஹாலிவுட்டில் இந்திய யானைகளுக்கு அப்போது நல்ல கிராக்கி. ஆப்பிரிக்க யானையைப் பழக்குவது கடினம் என்பதால், 1932-இல் வந்த முதல் பேசும் டார்ஜான் படத்தில் இந்திய யானைகளுக்குப் பெரிய பொய்க்காதுகளைப் பொருத்தி ஆப்பிரிக்க யானைகளாக உலவவிட்டார்கள். சாபுவுக்கும் ஏறத்தாழ அதுவே நடந்தது. அரேபியர், தீவுவாசி, பிரேசில் நாட்டுப் பழங்குடி என எந்த நாட்டு மாநிறத்தவர் வேடம் வந்தாலும் அவருக்கே தரப்பட்டது. தலைப்பாகையும் வெற்றுமேனியும் மட்டும் பெரும்பாலும் மாறவில்லை.

1944-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற சாபு, அந்நாட்டு விமானப்படையில் சேர்ந்து, பசிபிக் போர்முனையில் குண்டுவீச்சு விமானத்தின் துப்பாக்கி வீரராகப் பறந்தார். வீரச்செயலுக்காக வழங்கப்படும் 'டிஸ்டிங்விஷ்ட் ஃபிளையிங் கிராஸ்' பதக்கமும் பெற்றார். போர் முடிந்து திரும்பியபோது சிறுவனுக்குரிய முகம் போயிருந்தது. சிறுவனுக்குரிய வேடங்களே காத்திருந்தன. 1947-இல் 'பிளாக் நார்சிசஸ்' படத்தில் இளம் ஜெனரலாக நடித்தது விதிவிலக்கு. அந்தப் படமும் இமயமலைக் கதையை இங்கிலாந்துப் படப்பிடிப்பு நிலையத்திலேயே எடுத்து முடித்தது.

1948-இல் நடிகை மர்லின் கூப்பரை மணந்தார். பால், ஜாஸ்மின் என இரு குழந்தைகள் பிறந்தனர்.

திசை மாறிய கதைகள்

1949-இல் வெளியான 'சாங் ஆஃப் இந்தியா' பெரிய வெற்றியைப் பெற்ற படமல்ல. சாபுவைப் பற்றிய குறிப்புகளில் ஒரு வரியில் கடந்துசெல்லப்படுவது. ஆனால், நம் பொருளுக்கு அது முக்கியமானது. விலங்குக் காட்சிசாலைக்காக அரச குடும்பத்தார் காட்டுக்குள் வந்து விலங்குகளைப் பொறிவைத்துப் பிடிக்கிறார்கள். காட்டோடு ஒன்றி வாழும் இளைஞன் அவர்களை எதிர்க்கிறான். பிடிபட்டவற்றை விடுவிக்க முனைகிறான். அந்த இளைஞன் சாபு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் யானைக் கூட்டத்தைக் காட்டிக்கொடுத்துப் பட்டம் வாங்கிய அதே நடிகர், இப்போது கூண்டுக்கு எதிராக நின்றார். கதை எழுதியவர்கள் வேறு. திட்டமிட்ட மாற்றம் என்று கொள்வதற்கில்லை. காலம் சற்றே திரும்பியிருந்தது.

வயிற்றுப்பாடு அவ்வளவு எளிதாகத் திரும்பவில்லை. 1950-களின் தொடக்கத்தில் படவாய்ப்புகள் குறைந்தபோது, லண்டன் ஹாரிங்கே அரங்கில் நடந்த சர்க்கஸில் யானைகளுடன் தோன்றி வித்தை காட்டினார். கொட்டடியில் கற்ற தொழில் கடைசியில் அவருக்குச் சோறு போட்டது என்று பெருமையாகவும் சொல்லலாம். உலகம் அவரையும் யானையையும் வேறெங்கும் நிறுத்திப் பார்க்க விரும்பவில்லை என்றும் சொல்லலாம்.

தாய்நாட்டில் ஒரு கதவு திறந்து மூடியது. இயக்குநர் மெஹ்பூப் கான் 'மதர் இந்தியா' படத்தில் பிர்ஜு வேடத்துக்கு முதலில் தேர்ந்தெடுத்தவர் சாபுதான். அமெரிக்கக் குடிமகனான அவருக்குப் பணி அனுமதி கிடைக்கவில்லை. அந்த வேடம் சுனில் தத்துக்குப் போய், 1957-இல் வெளியான படம் வரலாறானது. விலங்கு எதுவும் இல்லாத ஒரு கோபக்கார இந்திய இளைஞனாக அவரைப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிடைக்காமலே போயிற்று. இந்தியத் தயாரிப்பு எதிலும் அவர் கடைசிவரை நடிக்கவில்லை. 1960-இல் அண்ணன் தஸ்தகீர் கொள்ளை முயற்சி ஒன்றில் கொல்லப்பட்டார்.

அதே 1960-இல்தான் இந்திய நாடாளுமன்றம் விலங்குகளுக்கு எதிரான கொடுமைகள் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த சென்னை கலாக்ஷேத்திரா நிறுவனர் ருக்மிணி தேவி அருண்டேல், தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து விதைத்தது அது. அதன் ஐந்தாம் அத்தியாயம் காட்சி விலங்குகளுக்கு உரியது. கட்டணம் பெற்று விலங்கைக் காட்சிக்கு விடுவோர் மட்டுமன்றி, அதற்காகப் பழக்குவோரும் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அச்சட்டம். பழக்குவதில் தேவையற்ற துன்பம் இருந்தால் நீதிமன்றம் தடுக்கலாம். பிரிட்டிஷ் சட்டம் பாராத இடத்தை, ஏட்டளவிலேனும், இந்தியச் சட்டம் பார்த்தது. யானையைப் பழக்கிய நாடல்லவா, எங்கே வலிக்கும் என்று தெரிந்திருந்தது.

நடைமுறை வேறு கதை. 1960-களிலும் 70-களிலும் பம்பாய், சென்னைப் படங்களில் யானையும் பாம்பும் புலியும் தாராளமாக வந்துபோயின. திரையில் விலங்குகள் தேவையின்றிக் கொடுமைப்படுத்தப்படுவதைக் காட்டக் கூடாது என்பது தணிக்கை வழிகாட்டுதலில் 1991-இல் இடம்பெற்றது. காட்சி விலங்குகளைப் பதிவு செய்வதற்கான இன்றைய விதிகள் 2001-இல் வந்தவை. படத்தின் தொடக்கத்தில் விலங்கு நல வாரியத்தின் அனுமதி பற்றிய அறிவிப்பைக் காணும் வழக்கம் அதன் பின்னரே நிலைபெற்றது.

சாபுவின் கடைசி இரு படங்களும் பிடிபட்ட புலிகளைப் பற்றியவை. 1963-இல் வெளியான 'ராம்பேஜ்' காட்சிசாலைக்காகக் காட்டு விலங்கைப் பிடிக்கச் செல்வோரின் கதை. அதில் அவர் வழிகாட்டி. வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் 'எ டைகர் வாக்ஸ்' படத்தில் சர்க்கஸ் புலி ஒன்று, குடித்துவிட்டுத் துன்புறுத்தும் காவலாளியிடமிருந்து தப்பி ஊருக்குள் ஓடிவிடுகிறது. பெரியவர்கள் அதைச் சுட்டுக்கொல்லத் துப்பாக்கி தூக்குகிறார்கள். நாடெங்கும் குழந்தைகள் அதைக் காப்பாற்றக் குரல் கொடுக்கிறார்கள். புலியின் இயல்பை அறிந்த இந்தியராகச் சாபு அதில் வருகிறார். முதல் படத்தின் கொடிய பாகனும் கடைசிப் படத்தின் கொடிய காவலாளியும் ஒருவகையில் ஒருவரே. இடையில் மாறியது, தப்பி ஓடிய விலங்கின் பக்கம் நின்று பார்க்கப் பார்வையாளர் பழகியிருந்தார் என்பது.

அந்தப் படம் 1964-ஆம் ஆண்டு மார்ச்சில் வெளியானது. சாபு அதைத் திரையில் பார்க்கவில்லை. 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் மாரடைப்பால் காலமானார். வயது 39. ஹாலிவுட்டின் நட்சத்திர நடைபாதையில் அவர் பெயர் பதித்த கல் இருக்கிறது.

அவர் மறைந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1971-இல் காக்கனகோட்டையில் கடைசி கெட்டா நடந்தது. மறு ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1977-இல் யானை அதன் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. கபினியின் குறுக்கே கட்டப்பட்ட அணையின் நீர், பழைய கெட்டா களத்தை மூடிவிட்டது. காராப்பூரில் மகாராஜாவின் வேட்டை மாளிகை இப்போது சுற்றுலா விடுதி. கோடையில் நீர் வற்றிப் புல் முளைக்கும்போது, நூற்றுக்கணக்கான காட்டு யானைகள் குட்டிகளுடன் அந்தக் கரைக்கு இறங்கி வருகின்றன. படகிலும் ஜீப்பிலும் இருந்தபடி பயணிகள் அவற்றைப் படம் பிடிக்கிறார்கள்.